கடுக்கன் கொடுத்து வாங்கிய பிள்ளை

சேசு மரி சூசை துணை.

என் மகன் அந்தோனிக்கு,

தலைப்பில் மூன்று திருப்பெயரையும் எழுதிவிட்டு வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன், ஐயா. நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுதக் கை போகவில்லை. நான் நலமாக இல்லை. நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. இராயபுரத்தில் நம் வீட்டு வாசலில் இறங்கி நடந்தால் ஒரு வெற்றிலையை மென்று துப்புவதற்குள் காசிமேட்டு மணல் வந்துவிடும். அங்கே படகுகளுக்கெல்லாம் அப்பால், குப்பத்தார் ஒதுக்கி வைத்த குடிசையில், பெரியம்மை கண்டு கிடக்கிற உன் நைனா கன்னியப்பனோடு நீ கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாய். உன் அப்பா சோற்றுக்கூடையை வேலிக்கு வெளியே வைத்துவிட்டு, தூரத்தில் நின்று உன்னைக் கூப்பிட்டு, "குரலு நல்லாத்தான் இருக்கு" என்று என்னிடம் வந்து சொல்கிறார். குரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அம்மை குரலிலா போடும்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காகிதத்தை எடுத்தது, எழுந்து வீட்டுக்கு வா என்று உனக்குக் கட்டளையிடத்தான். அந்தக் கடுக்கன் ஜோடியைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் முடிந்து வைத்திருந்தேன். இலைத் துண்டில் சுற்றிச் சோற்றுக்கூடையில் வைத்து அனுப்பி, "இதை அவர் கையில் கொடு, ஏலத்தில் எடுத்தது திரும்பிவிட்டது, உனக்கும் அவருக்கும் இனி ஒன்றுமில்லை, வா" என்று நாலு வரி எழுதினால் போதும் என்று நினைத்தேன். எழுதவும் எழுதினேன். படித்துப் பார்த்தால், உன் அம்மா எழுதின மாதிரி இல்லை, என் பயமே பேனா பிடித்து எழுதின மாதிரி இருந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன். அதோடு பயமும் எரிந்துபோயிற்று என்று நினைத்துவிடாதே. அது இங்கேயே, என் பக்கத்தில் சப்பணம் கூட்டி உட்கார்ந்திருக்கிறது.

உன் கல்யாணத்துக்கு முதல் நாள் உனக்கு ஒரு நீளக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டிருந்தேன். என் கல்யாணத்தன்று என் அப்பா எனக்கு அப்படி ஒன்று கொடுத்தார். என்னவெல்லாம் எழுத வேண்டும் என்று அரிசி களையும்போதும் துணி உலர்த்தும்போதும் மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். கையைக் கழுவினால் மட்டும் போதாது, சிலுவை போட்டுவிட்டுச் சோற்றில் கை வை. பெண்டாட்டியிடம் கோபித்துக்கொண்டு பட்டினி கிடக்காதே, உன் கோபத்துக்குச் சோறு என்ன பாவம் செய்தது? பொழுது சாய்வதற்குள் கோபம் ஆற வேண்டும் என்று, பவுல் என்கிறார்களே, அந்த அர்ச்சியசிஷ்ட சின்னப்பரே எழுதி வைத்திருக்கிறார், அவர் கல்யாணம் பண்ணாதவர், ஆனாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இப்படியே நிறைய. கோவிலில் உனக்கும் லூர்தம்மாளுக்கும் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு தரம் வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலையும் வாசித்து, பாஸ்குத் திருநாள் கழிந்ததும் கல்யாணம் என்று மைலாப்பூர் வரைக்கும் சொல்லிவிட்டோம். இப்போது அந்தப் புத்திமதியெல்லாம் தொண்டையிலேயே நிற்கிறது. மாப்பிள்ளை உயிரோடு வரட்டும், புத்தி அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

கடுக்கன் கதையை நீ உன் நைனா வாயால் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாய். அவர் சொன்னால் அது சிரிப்பாக இருக்கும். நான் இருந்த இடத்திலிருந்து ஒரு தரம் கேள். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உனக்கு இழுப்பு வந்து, கண் செருகி, உதடு நீலம் பாரித்தது. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு நம் ஊர்க்கார வியாபாரிகள் சேர்ந்து கட்டின அந்தோனியார் கோவிலுக்கு ஓடினேன். பிழைக்க வைத்தால் பிள்ளையை உமக்கே வைத்து ஏலம் விடுகிறேன் என்று நேர்ந்தேன். தூத்துக்குடிப் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். திருநாளன்று நேர்ச்சைப் பிள்ளையை அந்தோனியார் முன்னால் கிடத்துவார்கள். உபதேசியார் ஏலம் கூறுவார். தாய்மாமன் ஒருவன் மட்டும் கேட்பான், மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். மாமன் எடுத்துத் தாய் மடியில் திருப்பிக் கொடுப்பான். பிள்ளை அர்ச்சியசிஷ்டருடையது, வளர்க்கிறது மட்டும் நாம் என்று அர்த்தம். ஆனால் இது நம் ஊர் வழக்கம். பிழைக்க வந்த இந்தப் பட்டணத்தில் இது யாருக்குத் தெரியும்? அதை நாங்கள் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

கொடிமரத்தடியில் பாய் விரித்து, ஒரு பக்கம் நேர்ச்சைச் சேவல்கள், ஒரு பக்கம் பூசணிக்காய், நடுவில் நீ. உன் மாமன் ரயிலேறி வந்து, புது வேட்டியில் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். உபதேசியார் "அந்தோனியார் பிள்ளை, ஒரு தரம்!" என்று கூவினார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "இன்னாபா இது அநியாயம்? கொயந்தயக் கோயி பக்கத்துல போட்டுக்கினு கூவுறாங்கோ!" திருநாள் வேடிக்கை பார்க்க வந்த எவனோ விளையாட்டாக, "சோத்துக்கு இல்லாம விக்கிறாங்கபா" என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான், ஜனத்தைப் பிளந்துகொண்டு ஒரு கட்டுமரக்காரர் வந்து நின்றார். தலையில் உப்பு, இடுப்பில் ஈரத்துணி. "நிறுத்துபா! நா எடுத்துக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே காதில் கையை வைத்தார். ஒரு கடுக்கன் சட்டென்று கழன்றது. மற்றது உப்பேறி இறுகிப்போயிருந்தது. வெடுக்கென்று இழுத்ததில் காதில் ரத்தம் துளிர்த்தது. இரண்டையும் பாயின் மேல் வைத்தார்.

உன் மாமன் குதித்தார். "யாருவே நீரு? இது எங்க வழக்கம், விலகும்!" என்று கத்தினார். ஆனால் அவர் கையில் இருந்ததை விடக் கடுக்கனின் பொன் அதிகம் என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. உபதேசியார் உன் அப்பாவைப் பார்த்தார், உன் அப்பா தரையைப் பார்த்தார். அந்தோனியார் முன்னால் வைத்ததை அதிகம் கொடுத்தவருக்குத்தான் கொடுக்க வேண்டும், சாட்சிக்கு அர்ச்சியசிஷ்டரே நிற்கிறாரே! "மூன்று தரம்" என்று உபதேசியார் சொன்னபோது அவர் குரல் கம்மிப்போயிற்று. எனக்கு உயிரே போய்விட்டது, ஐயா. முன்பின் தெரியாத ஓர் ஆள் என் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார், நீயோ அழாமல் அவர் காதில் வழிந்த ரத்தத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் நேரே என்னிடம் வந்தார். "இந்தாம்மா, புடி" என்று உன்னை என் கையில் வைத்தார். "இனிமே விக்காத. சோறு இல்லன்னா எங்கைல சொல்லு, மீனு குட்த்துட்டுப் போறேன்" என்றார். கருப்பட்டி மண்டி வைத்திருக்கிற வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் சோறு இல்லையா என்று கேட்கிறார்! நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. என் குணம் உனக்குத் தெரியாததா?

மறுநாளே உன் அப்பா கோவிலில் உரிய விலையைக் கட்டிக் கடுக்கனை மீட்டுக்கொண்டு அவரைத் தேடிப் போனார். விஷயத்தை விளக்கிச் சொன்னாராம். அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். ஆனால் கடுக்கனைத் தொடவில்லை. "அத்த வாங்கிக்கினா புள்ளயத் திருப்பிக் குட்த்த மாரி ஆயிடும் அண்ணாத்த. உன்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பெண்சாதி செத்து, பிள்ளை குட்டி இல்லாத மனிதர். நாம் வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டோம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் நம் கொல்லைப் பக்கம் வந்து நின்று, "என் புள்ள துண்றதுக்கு" என்று சங்கரா மீனோ வவ்வால் மீனோ ஓலையில் முடிந்து கொடுத்துவிட்டுப் போவார். நீ பேச ஆரம்பித்ததும் வீட்டில் இருக்கிறவரை அப்பா என்றாய், வெள்ளிக்கிழமை வருகிறவரை நைனா என்றாய். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தெருவில் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை. பிள்ளையைக் கடவுளுக்குக் கொடுத்தால் அவர் திருப்பிக் கொடுப்பார் என்றுதான் கொடுத்தேன். இப்படி ஒரு மனுஷன் கையில் கொடுத்து வைப்பார் என்று யார் கண்டது?

ஒரு ஐப்பசியில் புயலடித்ததே, நினைவிருக்கிறதா? கட்டுமரங்கள் திரும்பவில்லை. நீ பள்ளிக்கூடச் சிலேட்டோடு கரையில் போய் நின்றுகொண்டாய். சாப்பிட வா என்றால் வரவில்லை. "அம்மா, படகு முழுகும்போது சேசுநாதர் ஏன் தூங்கினார்?" என்று கேட்டாய். களைத்துப் போயிருந்தார் என்று நான் சொன்னேன். "எழுப்பினால் திட்டுவாரா?" என்று கேட்டாய். திட்டத்தான் திட்டினார், ஏன் பயந்தீர்கள் என்று. ஆனால் எழுந்து காற்றை அடக்கிவிட்டுத்தானே திட்டினார் என்று நான் சொன்னேன். எப்படி எனக்கு அந்தப் பதில் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. உன் நைனா மறுநாள் எண்ணூர்ப் பக்கம் கரையேறி, கால் வீங்கி, நடந்தே வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு நீ செபம் சொல்லும் விதமே மாறிப்போயிற்று. தூங்குகிறவரை எழுப்புகிற மாதிரி சொல்வாய். இப்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன், ஐயா. எழுப்பிக்கொண்டே இருக்கிறேன். அவர் இன்னும் புரண்டுகூடப் படுக்கவில்லை.

நீ கிளம்பின அன்றைக்கு நடந்ததை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். துறைமுக வேலையிலிருந்து வந்தாய், முகம் கழுவினாய், சோற்றில் உட்காரவில்லை. "அம்மா, நைனாவுக்கு அம்மை போட்டிருக்கு. கிட்டே போக ஆளில்லை" என்றாய். நான் என்ன பேசினேன் என்று உனக்குத் தெரியும். கல்யாணம் நிச்சயமான பிள்ளை, ஓலை வாசித்த பிள்ளை என்று கத்தினேன். கடைசியில், "அவரு உன்னப் பெத்தாரா?" என்று கேட்டேன். நீ கோபப்படவே இல்லை. "வாங்கினாரே அம்மா" என்று மட்டும் சொன்னாய். மாற்றுவேட்டியை எடுத்துக்கொண்டு, கார்ப்பரேஷன் ஆளிடம் மறுபடி அம்மை குத்திக்கொண்டு போய்விட்டாய். குத்தினது பிடிக்குமோ பிடிக்காதோ, அந்த ஆளுக்கே தெரியாதாம். விலை கொடுத்து வாங்கப்பட்டவர்கள் நீங்கள், உங்களுக்கு நீங்கள் சொந்தமில்லை என்று சின்னப்பர் சொல்வதைப் பிரசங்கத்தில் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! தலையை ஆட்டிக்கொண்டு, அடுப்பில் பருப்பு என்ன ஆயிற்றோ என்று யோசித்துக்கொண்டு கேட்டிருப்பேன். என் பிள்ளை அதைக் கேட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறான் என்று யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா?

பெண் வீட்டாரும் வந்தார்கள். லூர்தம்மாளின் அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, மூன்றாம் ஓலையைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாமே என்று மென்று விழுங்கினார். நான் அவரைக் கோபிக்கவில்லை. அவர் இடத்தில் நானாக இருந்தால் ஓலையைக் கிழித்தே போட்டிருப்பேன். போகும்போது வாசலில் நின்று, "புள்ள என்ன சொல்லுதான்னா, ஓலை காத்துக்கிடக்கட்டும், அவிய வந்தப்புறம் வாசிக்கட்டுமாம்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவளைப் பற்றி நான் உன்னிடம் முன்னே சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சமையல் வராது என்று சொன்னதை மட்டும் வாங்கவில்லை.

சர்வேசுரன் ஈசாக்கைப் பலியிடு என்று ஆபிரகாமிடம்தானே கேட்டார்? பெற்றவள் சாராளிடம் கேட்டாரா? அவள் மாவு பிசைந்துகொண்டிருந்திருப்பாள். தகப்பனும் மகனும் விறகு கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள், அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அந்தக் கழுதையின் காலைக் கட்டிப்போட்டிருப்பாள். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பது என்றால் என்ன என்று இந்த நாட்களில் தெரிந்துகொண்டேன். பால்காரி வந்து கதவைத் தட்டினால் திடுக்கிடுகிறேன். வேப்பிலை வாசனை அடித்தால் குமட்டுகிறது. எதிர்வீட்டு அம்மாள், "ஆத்தா எறங்கிக்கீறா, குளுந்து போயிடுவா, பயப்படாதீங்கோ" என்று ஆறுதல் சொல்ல வந்தாள். அவளும் வாசல்படிக்கு இந்தப் பக்கம் வரவில்லை. இன்னொன்றும் புரிந்தது. சேசுநாதர் சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் ஒதுங்கிப் போனார்களே அந்தக் குருவும் லேவியனும், அவர்களை இத்தனை காலம் கல்நெஞ்சுக்காரர்கள் என்று நினைத்துவிட்டேன். இல்லை ஐயா. பயந்தவர்கள். வீட்டில் பிள்ளைக்குக் கல்யாணம் வைத்திருந்தார்களோ என்னவோ. என்னை மாதிரி ஆட்கள்தான்.

நேற்றுப் பங்குச் சாமியாரிடம் போனேன். நீர் சொன்னால் அவன் கேட்பான், வெளியே வரச் சொல்லும் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "வா என்றும் சொல்ல மாட்டேன் அம்மா, இரு என்றும் சொல்ல மாட்டேன். அவனாகப் போனான்" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "உமக்கு எப்போது வந்தது?" என்று கேட்டார். என் முகத்து அம்மைத் தழும்புகளைப் பற்றி எந்த ஆண்பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. உன் அப்பாகூடப் பெண் பார்க்க வந்த அன்று கேட்கவில்லை. சின்ன வயசில் என்றேன். அவர் செபப் புத்தகத்தைத் திறந்துகொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆசீர்வாதம்கூட வாங்காமல் திரும்பிவிட்டேன். அவர் ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும். தெரியாதவள் மாதிரி வழியெல்லாம் முருங்கைக்காய் விலை விசாரித்துக்கொண்டு வந்தேன்.

ஒரு தரம் வந்து போனவருக்கு மறு தரம் வராது. இது குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அந்தக் குடிசைக்குள் பயமில்லாமல் போகக்கூடிய ஆள் இந்த வீட்டில் ஒருத்திதான். அவள் உள்ளே உட்கார்ந்துகொண்டு பிள்ளையை அனுப்பிவிட்டுச் செபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறாள். நீ என்னைப் போகச் சொல்லவில்லை. உன் அப்பாவும் சொல்லவில்லை. நினைத்தும்கூடப் பார்க்காதவர்கள் போல இருந்தீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். வேப்பிலைக் கொத்தைப் பார்த்தாலே நான் வேறு தெருவில் சுற்றிக்கொண்டு போவதை நீங்கள் இருவரும் பார்த்திருக்கிறீர்கள். உனக்கு உன் பெரியம்மா சவேரியம்மாளைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. எனக்கும் அவளுக்கும் ஒன்றாகத்தான் போட்டது. ஒரே பாயில், வாழையிலை மேல், கைகோத்துக்கொண்டு கிடந்தோம். அரிக்கிறது என்று நான் அழும்போதெல்லாம் அவள் என் கையைச் சொறியவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். விடிந்தபோது அந்தப் பிடி அப்படியே இருந்தது. கை மட்டும் சில்லிட்டிருந்தது. விரலைப் பிரித்து என்னை எடுத்தார்கள். அந்தக் குடிசைக்குள் போனால் அந்தக் கை மறுபடி என்னைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். சிரிக்காதே. எனக்குச் சாவு பயமில்லை. அந்த வாடைதான் பயம்.

நேற்று முழுக்க அவளை நினைத்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷமாக நினைக்காத இன்னொருத்தி நினைவுக்கு வந்தாள். எங்களைப் பார்த்துக்கொண்டது எங்கள் அம்மா இல்லை. அம்மாவுக்கு அப்போது கைக்குழந்தை, கிட்டே வரக் கூடாது என்று விட்டார்கள். எங்கள் வாயில் இளநீர் ஊற்றியதும், இலை மாற்றியதும், பிரிந்து கிடந்த என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டதும் ஒரு வண்ணாத்தி. அவள் முகம் முழுக்கத் தழும்பு. இப்போது என் முகம் இருக்கிற மாதிரியே. அவளுக்கு வந்து போயிருந்தது, அதனால் வீடு வீடாக வந்தாள், அவ்வளவுதான். நான் பிழைத்து எழுந்தேன், பள்ளிக்கூடம் போனேன், கல்யாணம் பண்ணினேன், உன்னைப் பெற்றேன். அவள் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் கடவுளோடு சண்டை போட்டிருக்கிறேன், எனக்கு மட்டும் ஏன் இந்த முகம் என்று. என்னத்துக்கு என்று இப்போது தெரிகிறது. தெரிந்து சந்தோஷம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஐயா, என்னிடம் இருக்கிற ஒரே புத்திமதியை எழுதிவிடுகிறேன். பயம் போன பிறகு நல்லது செய்யலாம் என்று காத்திராதே. அது போகாது. நம் ஆண்டவரே சிலுவைக்கு முந்தின இரவு பூங்காவனத்தில் பயந்து, இரத்த வேர்வை வேர்த்து, இந்தப் பாத்திரம் வேண்டாம் என்று தகப்பனிடம் கேட்டிருக்கிறார். பக்கத்தில் துணைக்கு இருக்கச் சொன்ன மூன்று பேரும் குறட்டை விட்டார்கள். ஆனாலும் எழுந்து போனார். சீஷரான இராயப்பரும் ஆண்டவர் கூப்பிடத் தண்ணீரில் இறங்கி நடந்தவர்தான், முழுகப் போனவர்தான். முழுகினதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், படகை விட்டுக் காலை எடுத்து வைத்ததை யாரும் பேசுவதில்லை. விசுவாசம் என்றால் நெஞ்சு துடிக்காமல் இருப்பது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். துடிக்கிற நெஞ்சோடு காலை எடுத்து வைப்பது என்று இப்போது நினைக்கிறேன். நாளைக்குக் காலில் பலம் இருந்தால்தான் அதுவும் நிச்சயம்.

ஆகவே கேட்டுக்கொள். இன்று சாயங்காலம் கூடையோடு இந்தக் கடிதம் வரும். நாளைக் காலைப் பூசை முடிந்ததும் கூடையை உன் அப்பா கொண்டு வர மாட்டார், நான் கொண்டு வருவேன். வேலிக்கு வெளியே வைக்க மாட்டேன். நீ அவரை என்னிடம் விட்டுவிட்டு, டாக்டர் வந்து பார்த்துச் சொல்லும் வரைக்கும் பக்கத்துப் படகுக் கொட்டகையில் தனியாக இரு. வீட்டுக்கு வராதே, துறைமுகத்துக்கும் போகாதே, உன்னிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குப் போக வேண்டாம். உனக்கும் காய்ச்சல் கண்டால், உன்னையும் பார்க்க அந்தத் தழும்பு முகம் அங்கேயே இருக்கும். நைனாவை விட்டு நகர மாட்டேன் என்று நீ அடம் பிடிப்பாய் என்றும் தெரியும், யார் பிள்ளை நீ! பிடித்தால் பிடி. இருவரும் இருப்போம். கடுக்கனைக் கொண்டு வருகிறேன், திருப்பிக் கொடுக்க இல்லை. மூன்றாம் ஓலை வாசித்து, உன் கல்யாணத்தன்று உன் அப்பாவுக்குப் பக்கத்தில் அவர் வெறுங்காதோடு நிற்கக் கூடாது. காது தூர்ந்துபோயிருந்தால் குத்திக்கொள்ளட்டும். அவருக்கு இப்போதே சொல்லி வை, பிழைக்க ஒரு காரணம் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று. நான் வாசலில் வந்து, அந்த வாடை அடித்து, அங்கேயே நின்றுவிடுவேன். என் கால் என்னைத் திருப்பிக் கொண்டுபோகப் பார்க்கும். அப்போது பயப்படாதே அம்மா என்று சொல்லாதே, ஆறுதல் சொன்னால் அழுதுகொண்டு ஓடிவிடுவேன். இளநீர்க் கிண்ணமோ, வேப்பிலையோ, எது உன் கையில் இருக்கிறதோ அதை என் பக்கம் நீட்டு. அன்றைக்கு உன்னை என் கையில் வைத்துவிட்டு உன் நைனா சொன்னாரே, அதை மட்டும் சொல். இந்தாம்மா, பிடி என்று சொல். நான் பிடித்துக்கொள்வேன்.

உன் அம்மா